சீட்டில் வந்த கோச்

ஸ்ரீரங்கம்
6 ஜனவரி 2025

அன்புள்ள வேணிக்கு,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். மெயிலைத் திறக்கிறாயா என்பதும் தெரியவில்லை. கோழிக்கோட்டில் நீ சேர்ந்திருக்கிற கிளப்பின் விலாசத்தை உன் தம்பி சரத்திடம் கெஞ்சி வாங்கினேன். காகிதத்தில் ஒரு சௌகரியம் உண்டு. நான் முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது.

உன் கோபம் நியாயம்தான். பழைய கோச்சை அனுப்பியபோது, "அடுத்தவர் வரும் வரை அசிஸ்டென்ட் வேணியே டீமைப் பார்க்கட்டும்" என்று நான் போர்டில் வாய் திறந்திருக்க வேண்டும். "பொம்பளை கோச்சா" என்று ஒருத்தர் சிரித்தார். நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்கு நான் செய்தது அது. மேனேஜர் என்று எனக்குப் பெயர்தானே தவிர, டீம் கோபு சித்தப்பாவுடையது, போர்டும் அவருடையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கொள்ளிடம் எஃப்.சி. பட்டியலில் கடைசியில் கிடக்கிறது. மார்ச் முடிவதற்குள் இரண்டு படியாவது ஏற வேண்டும். இல்லையென்றால் கீழ் டிவிஷன். கீழே போனால் டீமையே கலைத்துவிடுவேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். சரத் மாதிரிப் பையன்கள் மறுபடியும் கார்ப்பரேஷன் கிரவுண்டில் உதைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஹெட் கோச் வேலைக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஆஷ்லி. பொன்மலைக்காரர், நம் ஜூனியர் டீமைப் பார்க்கிறவர், உனக்கே தெரியும். தோற்றாலும் சிரித்துக்கொண்டே வருகிறார் என்று போர்டில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்கவில்லை. இன்னொருவர் வீரமலை. எந்த டீமுக்குப் போனாலும் முதல் சீசனிலேயே தூக்கி நிறுத்திவிடுவார் என்கிறார்கள். நீ சின்ன வயதில் அவரிடம் விளையாடியிருக்கிறாய். எப்படிப்பட்டவர், சொல்.

ஏகாதசிக் கூட்டத்தில் உத்திர வீதியில் கால் வைக்க இடமில்லை. சரத் நன்றாக இருக்கிறான். உன் மேல் அவனுக்கும் கோபம், சொல்லாமல் போனாய் என்று.

உன்
ஹம்ஸா


கோழிக்கோடு
11 ஜனவரி

ஹம்ஸா,

காபி குடித்ததை நீயே எழுதிவிட்டாய், நான் திட்டுவதற்கு மிச்சம் வைக்கவில்லை. சரி.

வீரமலை வேண்டாம்.

காரணம் கேட்பாய், சொல்கிறேன். அவர் கத்த மாட்டார், அடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். "வாங்க போங்க" என்றுதான் பேசுவார். வந்த முதல் வாரத்தில் டீமைச் சும்மா உட்கார்ந்து பார்ப்பார். பிறகு ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பார். நல்லவனாகப் பார்த்து, எல்லாருக்கும் பிடித்தவனாகப் பார்த்து எடுப்பார். "இவர்தான் இந்த சீசனுக்குப் பொறுப்பு" என்பார். அன்றிலிருந்து பிராக்டிஸில் யார் தப்புச் செய்தாலும் பொறுப்புதான் கிரவுண்டைச் சுற்றி ஓட வேண்டும். பாஸை விட்டவன் நிற்பான், பொறுப்பு ஓடுவான். எல்லாரும் முடித்துவிட்டுப் போகும் வரை பொறுப்புக்குத் தண்ணீர் கிடையாது. பொறுப்பு நின்றுவிட்டால் டீம் மொத்தமும் ஓட வேண்டும். அதனால் அவன் நிற்க மாட்டான்.

பிடித்தவன் ஒருத்தன் நம்மால் ஓடுகிறான் என்றால் யாருக்குத் தப்புச் செய்ய மனது வரும்? டீம் கட்டுக்கோப்பாகிவிடும். ஜெயிக்கும். நாங்களும் அந்த வருஷம் மாவட்டக் கோப்பையை ஜெயித்தோம். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீ சொல்லிக்காட்டுவாய்.

எங்கள் பொறுப்பு பானுமதி. சித்திரை வெயிலில் விழுந்தாள். இன்றைக்கும் தொட்டியத்தில்தான் இருக்கிறாள். வெயிலில் குடை இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாது, பேச்சு குழறுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வா. பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம்.

ஆஷ்லியை எடு. தோற்றாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் ஜெயிக்க நாளாகும், அவ்வளவுதான்.

இதைப் பொறாமையில் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். என் தம்பி உன் டீமில் இருக்கிறான்.

வேணி


ஸ்ரீரங்கம்
20 ஜனவரி

அன்புள்ள வேணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பொறாமை என்று நினைக்கவில்லை. கொஞ்சம் நினைத்தேன். பதினேழு வயதில் பார்த்தது எப்போதும் பெரிதாகத்தான் தெரியும் என்றும் நினைத்தேன்.

போர்டில் இரண்டு பேர் ஆஷ்லி, இரண்டு பேர் வீரமலை. சித்தப்பா ஒரு பக்கம் சாய மாட்டேன் என்கிறார். நேற்று வரை பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் சித்தப்பா, "ஆத்துல எதுக்கும் முடிவு வரலேன்னா என்ன பண்ணுவோம்? பெருமாளைக் கேட்போம்" என்றார். இரண்டு சீட்டில் இரண்டு பேரையும் நான் எழுதினேன். ஒரே மாதிரி மடித்து, சித்தப்பா ஆத்துப் பெருமாள் முன்னால் துளசியோடு வைத்தோம். எல்லாரும் சேவித்தோம். நான்தான் கண்ணை மூடி எடுத்தேன்.

வீரமலை.

உண்மையைச் சொல்கிறேன், வேணி. பிரித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இனிமேல் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நேற்று வரை அடித்துக்கொண்ட நாலு பேரும் ஒன்றாகக் கைகூப்பினார்கள். திருவுள்ளம் அதுதான் என்றால் அதற்குமேல் பேச்சு ஏது?

உன் கடிதத்தை போர்டில் காட்டவில்லை. காட்டினால் சண்டை மறுபடி ஆரம்பித்திருக்கும். ஆனால் வீரமலையை நேரே கேட்டேன். "ஒருத்தரையே ஓட வைப்பீங்களாமே?" என்றேன். சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலம்ங்க மேடம்" என்றார். குரலே உயரவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். நெற்றியில் விபூதி, கையில் ஒரு விசில்.

ஆஷ்லி வந்து எனக்கே கை கொடுத்துவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டுதான்.

ஹம்ஸா


கோழிக்கோடு
25 ஜனவரி

ஹம்ஸா,

உங்கள் வீட்டு வழக்கத்தை ஹாஸ்டலில் நீதான் எனக்குச் சொன்னாய். சேலை வாங்கினால்கூடச் சீட்டு போடுவாயே. அப்போது ஒன்று சொன்னாய், மறந்துவிட்டாயா? இரண்டில் எது வந்தாலும் மனதார ஏற்றுக்கொள்ள முடிந்தால்தான் சீட்டு போட வேண்டும், ஆகாததை எழுதிவைத்துவிட்டுப் பெருமாளைச் சோதிக்கக் கூடாது என்றாய்.

என் கடிதம் உன் கைக்கு வந்த பிறகும் வீரமலை பெயரை எழுதினாய். பெருமாள் எடுத்தது பிறகு. எழுதியது நீ.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இனிமேல் எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். முதல் வாரம் முடிந்ததும் அவர் யாரைப் பொறுப்பு என்றார்? அதை மட்டும் எழுது.

வேணி


ஸ்ரீரங்கம்
24 பிப்ரவரி

அன்புள்ள வேணிக்கு,

உடனே எழுதவில்லை, மன்னித்துக்கொள். வேலை தலைக்குமேல் இருந்தது. நல்ல வேலை. பேப்பரில் பார்த்திருப்பாய், டீம் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டது. நாம் கடைசியில் இல்லை. சித்தப்பா வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுக்கிறார். "அவரைப் பெருமாளே அனுப்பினார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வீரமலையிடமும் சொல்லிவிட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினாராம்.

உன் கேள்விக்கு வருகிறேன். பொறுப்பு என்று யாரையும் அவர் அறிவித்ததாக எனக்குத் தெரியவில்லை. பிராக்டிஸ் நேரத்தில் ஆபீஸ் ஆட்கள் கிரவுண்டுக்குள் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்லதுதானே, முன்பெல்லாம் ஸ்பான்சர் ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரிவார்கள்.

திருவானைக்காவல் கிரவுண்டு அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. உன் காலத்தில் கேட் வரைக்கும் கத்தல் கேட்கும். இப்போது பந்துச் சத்தம் மட்டும்தான். பையன்கள் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். ஒழுங்கு வந்திருக்கிறது. ஒரு வேடிக்கை பார், வெயில் ஏறுகிற மாசத்தில் தண்ணீர் கேன் பாதியாகக் குறைந்துவிட்டது. கேன் போடுகிறவர், "என்னங்க, தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று என்னைக் கேட்கிறார்.

சரத் இளைத்திருக்கிறான். உடம்பு கட்டாக இருக்கிறது. உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

ஹம்ஸா


கோழிக்கோடு
1 மார்ச்

ஹம்ஸா,

கேன் விஷயத்தை வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

சரத் போன வாரம் முசிறியில் வீட்டுக்குப் போனானாம். அம்மா போனில் சொன்னாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய், குடத்தைத் தூக்கி நின்றபடியே குடித்தானாம். பிறகு படுத்தவன் மறுநாள் வரை எழுந்திருக்கவில்லை. "டீம்ல நல்லா வேலை வாங்குறாங்க போல" என்று அம்மாவுக்குப் பெருமை.

நேற்று எனக்கே போன் செய்தான். பேச்சோடு பேச்சாக, "அக்கா, ஒண்ணுக்கு டிகாஷன் கலர்ல போனா என்னக்கா அர்த்தம்? ஒரு ஃப்ரெண்டுக்குக் கேக்குறேன்" என்றான். எந்த ஃப்ரெண்டு என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நீ மேனேஜர். கேட்டைத் திறந்து உள்ளே போக உனக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. போய்ப் பார். யார் ஓடுகிறான் என்று பார்த்து எழுது. எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ பார்த்து உன் கையால் எழுத வேண்டும்.

வேணி


ஸ்ரீரங்கம்
22 மார்ச்

வேணி,

போய்ப் பார்த்தேன். உன் கடிதம் வந்த மறுநாளே போனேன். இத்தனை நாள் எழுதாததற்கு என்னிடம் காரணம் இல்லை.

மூன்று மணி வெயில். எல்லாரும் பாஸ் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சரத் மட்டும் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு இல்லாத தண்ணீரை மற்றவர்களும் தொடவில்லை. யாரோ ஒருத்தன் பந்தை வெளியே விட்டான். வீரமலை விசில்கூட ஊதவில்லை, ஒரு விரலைத் தூக்கினார். சரத் இன்னொரு சுற்று எடுத்தான். பந்தை விட்டவன் தலையைக் குனிந்து நின்று அழுதான், வேணி. மீசை முளைத்த ஆண்பிள்ளை.

ஆபீஸுக்கு சரத்தைக் கூப்பிட்டு, நிறுத்திவிடு என்றேன். "வேணாம் மேடம், ஜெயிக்கிறோம்ல" என்றான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அவ வந்து சத்தம் போட்டா எல்லாம் கெட்டுப்போயிடும்." உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஜன்னல் வழியே கிரவுண்டைப் பார்த்துவிட்டு, குடிக்காமல் வைத்துவிட்டான்.

சித்தப்பாவிடம் போனேன். உன் ஜனவரிக் கடிதத்தையும் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். "பெருமாள் எடுத்துக் கொடுத்தவரை நாம அனுப்பறதா? அபசாரம்மா அது. நீதானே கண்ணை மூடிண்டு எடுத்தே?" என்றார். மற்ற நாலு பேரும் அதேதான். ஆஷ்லி வேண்டும் என்று சண்டை போட்ட இரண்டு பேரும்கூட. சும்மா ஓட்டுப் போட்டு எடுத்திருந்தால் ஓட்டுப் போட்டே அனுப்பியிருக்கலாம். இப்போது அவரை அனுப்ப யாருக்கும் தைரியம் இல்லை.

வீரமலைக்கும் அது தெரியும். நான் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், என்னை நீங்க எடுக்கலைங்களே" என்றார்.

முப்பதாம் தேதி கடைசி மேட்ச். டிரா செய்தால்கூடப் போதும், தப்பித்துவிடுவோம். அது முடிந்ததும் சரத்தை நானே முசிறியில் கொண்டுபோய் விடுகிறேன். இன்னும் கொஞ்ச நாள்தான். என்னைத் திட்டு.

ஹம்ஸா


கோழிக்கோடு
27 மார்ச்

ஹம்ஸா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. தபாலில் போட்டால் நாளாகும் என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறாய்.

உன் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டுக் காலையிலிருந்து அடிக்கிறேன். நீ எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன், இதையாவது பார். இன்றைக்கு பிராக்டிஸுக்கு அவனை விடாதே. காலைக் கட்டிப்போட்டாவது வை. மேட்ச், டிவிஷன், டீம் எல்லாம் நாசமாய்ப் போகட்டும்.

ராத்திரி ரயிலில் கிளம்புகிறேன்.

வேணி


திருச்சி
4 ஏப்ரல்

ஹம்ஸா,

ஆஷ்லி தினமும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ வார்டு வாசல் வரை வந்து திரும்பிப் போனாய் என்று அம்மா சொன்னாள். நல்லது. உள்ளே வராதே.

அன்றைக்கு நான் அனுப்பியதை நீ எப்போது பார்த்தாய் என்று கேட்கப் போவதில்லை. நான் ஜங்ஷனில் இறங்கியபோது ஆஸ்பத்திரியில், உடம்புச் சூடு இறங்க, அவனை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் படுக்க வைத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலமே விழுந்திருக்கிறான். விழுந்த பிறகும் கால் இரண்டும் அசைந்துகொண்டிருந்ததாம், ஓடுகிற மாதிரி. டீம் பையன் ஒருத்தன்தான் சொன்னான்.

சிறுநீரகம் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் நடக்கிறது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். பந்து விளையாடுவது இனிமேல் இல்லை. அதை அவனிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

மேட்ச் ஜெயித்துவிட்டீர்களாம். "சரத்துக்காக" என்று எல்லாரும் உயிரைக் கொடுத்து ஆடினார்களாம். உன் சித்தப்பா பிரசாதமும் ஆப்பிளும் கொண்டுவந்து, "பெருமாள் கிருபையில் டீம் தப்பிச்சுடுத்து" என்றார். அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தேன். "பையனே இஷ்டப்பட்டு ஓடினதா எல்லாரும் சொல்றாங்களேம்மா" என்கிறார் அங்கே இருக்கிறவர். எல்லாரும் என்றால் டீம் மொத்தமும். யாருமே பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

நேற்று அவனுக்குத் தெளிவாக நினைவு வந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான். மேட்சைக் கேட்பான் என்று நினைத்தேன், கேட்கவில்லை. தன் உடம்புக்கு என்ன என்றும் கேட்கவில்லை. "அக்கா, நான் இங்க படுத்துருக்கேனே, அங்க இப்ப யாரு ஓடுறா?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேணி


திருவானைக்காவல்
8 ஏப்ரல்

வேணி,

சரத்தின் கேள்விக்குப் பதில் தமிழ்மணி. நம் லெஃப்ட் விங்கில் ஆடுவானே, துறையூர்ப் பையன், எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்க வைப்பவன். அவன்தான்.

நேற்று போர்டு கூடியது. வீரமலையை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்வது என்று முடிவு. நான் முடியாது என்று கத்தினேன். "சரி, உன் மனசுக்கு வேணும்னா இன்னொரு தடவை சீட்டு போட்டுப் பார்க்கலாமா?" என்று சித்தப்பா காகிதத்தைக் கிழித்தார். நான் எழுதவில்லை. என் கையால் அந்தப் பெயரை இனி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருப்பார்கள்.

ஆத்துக்குப் போகாமல் நேராக கிரவுண்டுக்கு வந்தேன். சீசன் முடிந்துவிட்டது, யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் இருந்தார்கள். தமிழ்மணி ஓடிக்கொண்டிருந்தான். உள்ளே போய் அவன் வருகிற வழியில் குறுக்கே நின்று, "போதும், நில்லு" என்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனான். வீரமலை என்னைத் தடுக்கவில்லை. ஒரு நாற்காலி கொண்டுவந்து போடச் சொன்னார். "வெயில்ல நிக்காதீங்க மேடம், உக்காந்து பாருங்க" என்றார்.

அடுத்த சுற்றில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். பார்த்தான், வேணி. அந்தத் தண்ணீரைப் பார்த்தான். "மன்னிச்சிடுங்க மேடம், நான் நின்னா அவனுங்க ஓடணும்" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனான். சிரிக்க வைக்கிறவன், அப்போதும் கொஞ்சம் சிரித்தான்.

இன்றும் வந்திருக்கிறேன். வேலி ஓரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆஷ்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இங்கே வருவார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். என் முகத்தைப் பார்க்க உனக்கு இஷ்டம் இல்லை, தெரியும். பார்க்க வேண்டாம். தமிழ்மணியைப் பார்க்க வா. நான் சொன்னால் நிற்கமாட்டேன் என்கிறான். சரத்தின் அக்கா சொன்னால் நிற்கலாம்.

இன்றைக்கு மூன்று தடவை நீட்டிவிட்டேன். வாங்கவில்லை. பாட்டில் என் கையில்தான் இருக்கிறது, சூடாகிவிட்டது. சீக்கிரம் வா.

ஹம்ஸா